என் டிரையரும் அண்ணனின் கஞ்சி வேட்டியும்

என் அண்ணன் பொய் சொன்னார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் முன்னால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வைத்த வகுப்பு அது. அண்ணன்தான் செக்ரட்டரி. வகுப்பெடுக்க வந்தவர் குண்டு பல்பு, பழைய ஃபேன், கதவு சரியாக அடைக்காத ஃபிரிட்ஜ் என்று சொல்லி முடித்து உட்கார்ந்தார். அதோடு டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம். அண்ணன் எழுந்தார்.

"தூரத்துல எங்கயும் போகண்டாம். எனக்க வீட்டிலேயே ஒரு கரண்டுதின்னி உண்டு. துணி காயப்போட ஒரு மெஷினாம்! தங்கச்சி கொண்டு வச்சிருக்கா. ரீடிங் எடுக்க வந்த ஆளு மீட்டரப் பாத்துட்டு, 'இங்க மில்லு ஏதும் ஓடுதா?'ன்னு கேட்டுட்டாரு. அடுத்த கூட்டத்துக்கு முன்னே அது வீட்ட விட்டு வெளிய போவும். செக்ரட்டரியாக்கும் சொல்லுதேன்."

கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் வாயில் பழம்பொரியை வைத்துக்கொண்டே தட்டினாள். நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். எனக்குப் பேச்சு வராது, கத்தல்தான் வரும். கத்தினால் "பாத்தியளா, இவ கொணம் இப்படித்தான்" என்று அதற்கும் கை தட்டியிருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். பெயர் எதுவும் எழுதவில்லை. எங்கள் ஊரில் அதற்குத் தேவையும் இல்லை.

எங்கள் வீடு கேரள எல்லையோரம், பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. அப்பா காலத்து வீடு. நடுவில் சுவர் வைத்து, ஒரு பாதி அண்ணனுக்கு, ஒரு பாதி எனக்கு. அடுக்களைக்குப் பின்னால் துணி அலக்க, பாத்திரம் கழுவ இருக்கிற வர்க் ஏரியா இரண்டு பேருக்கும் பொது. கரண்டு மீட்டரும் ஒன்றுதான். அது அண்ணன் பக்கத்துச் சுவரில், அண்ணன் பெயரில் இருக்கிறது. அந்த ஒரு மீட்டரை வைத்துத்தான் அவர் என்னை ஆள்கிறார்.

வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள். வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். மழைக்கு அந்தத் தடை இல்லை. அம்பூரி மலைப்பக்கம் கறுத்தால் துணியை எடுக்க ஓட வேண்டும். ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை முடிந்தால் ஐப்பசியில் துலாமாச மழை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற வெயிலில் எதைக் காயப்போடுவது, துணியையா ரப்பர் ஷீட்டையா என்று வீட்டுக்கு வீடு சண்டை. எப்போதும் ஷீட்தான் ஜெயிக்கும். வெள்ளைத் துணியெல்லாம் கரிம்பன் பிடித்து, கறுப்பு கறுப்பாகப் புள்ளி விழுந்து கிடக்கும். கல்யாணத்துக்குப் போனால் பட்டுப்புடவைக்கு உள்ளிருந்து ஈர நாற்றம் வரும். எல்லார் மேலும் வருவதால் யாரும் யாரையும் சொல்வதில்லை.

நான் பதினெட்டு வருஷம் வளைகுடா நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். நர்ஸாக அல்ல. லாண்டரியில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் மலை மாதிரி வரும். அலக்கி, காயவைத்து, மடக்கி அனுப்புவோம். நல்ல வேலை. குளிர்ந்த அறை இல்லை, ஆனால் நேரத்துக்குச் சம்பளம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சர்க்கார் குமஸ்தாக்கள். அண்ணனும் ஃபைல் கட்டிக் கட்டியே ரிட்டயர் ஆனவர். தங்கச்சி துணி அலக்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை. "ஆஸ்பத்திரியில ஜோலி" என்று நிறுத்திக்கொண்டார். மீதியை ஊர் தானாகவே பூர்த்தி செய்து என்னை நர்ஸாக்கிவிட்டது. திரும்பி வந்த நாளிலிருந்து ஆட்கள் முட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒருத்தி பல்லைக் காட்டினாள். "எக்கா, இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?" நான் நர்ஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் அண்ணன் உள்ளிருந்து இருமுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒருத்தியிடம் சொல்லியே விட்டேன்.

"எனக்கு தலையணை உறையப் பத்தி மட்டுந்தான் தெரியும்."

"எம்மா, எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்று சொல்லிவிட்டு அவள் முட்டியைக் காட்டினாள்.

லாண்டரியில் நான் முதல் வாரம் படித்த பாடம் ஒன்று உண்டு. துணியில் இருக்கிற தண்ணியைச் சுற்றி வெளியே எறிவதற்குக் கரண்டு கொஞ்சம் போதும். அதே தண்ணியைச் சூடாக்கி, ஆவியாக்கி வெளியேற்ற பல மடங்கு வேண்டும். அதனால் முதலில் நன்றாகச் சுற்று, மிச்ச ஈரத்தை மட்டும் டிரையருக்குக் கொடு. சொட்டுகிற துணியை டிரையரில் போட்டால் எங்கள் சூப்பர்வைசரம்மா அந்தத் துணியை வெளியே எடுத்து, போட்டவள் கையில் கொடுத்து, எல்லாரும் பார்க்க அங்கேயே நிற்க வைப்பாள். நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன். கையெல்லாம் வழிய, ஒரு விரிப்பைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. அதற்குப் பிறகு மறக்குமா?

போன வருஷம் மழை தொடங்கும் முன் நெய்யாற்றின்கரையில் ஒரு கடைக்குப் போய் டிரையர் வாங்கினேன். கடைக்காரன் என்னிடம் விலை குறைந்த பழைய மாதிரியைத் தள்ளப் பார்த்தான். அது கம்பியைச் சூடாக்கி, சூட்டுக்காற்றைத் துணிக்குள் ஊதி, ஈரத்தோடு சேர்த்து அந்தச் சூட்டையும் குழாய் வழியே வெளியே தள்ளுகிற மெஷின். சோறு வடித்துப் பாதியை முற்றத்தில் கொட்டுவதும் அதுவும் ஒன்று. எனக்கு வேண்டியது ஹீட் பம்ப் மாதிரி. அது ஃபிரிட்ஜுக்கு உறவுக்காரன். ஒரு பக்கம் குளிர்ந்து காற்றில் இருக்கிற ஈரத்தைத் தண்ணியாக்கி ஒரு தட்டில் பிடிக்கும். மறுபக்கம் சூடாகி அதே காற்றைத் திரும்பத் துணிக்கு அனுப்பும். சூடு வீணாக வெளியே போகாது. மெதுவாகத்தான் காயும். எனக்கு என்ன அவசரம்?

"சேச்சி, இதெல்லாம் எங்கேர்ந்து படிச்சீங்க?" என்றான் கடைக்காரன்.

"ஆஸ்பத்திரியில" என்றேன். அண்ணன் பழக்கிய நாக்கு. அப்போது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

வர்க் ஏரியாவில் கொண்டு வைத்தேன். பிளக்கில் மாட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கியிருந்தேன். வாஷிங் மெஷினில் நன்றாகச் சுற்றின துணி ஒரு லோடு காய ஒன்றரை யூனிட். ஒரு மாதம் தினமும் பார்த்தேன், மாறவில்லை. வெயில் அடிக்கிற நாளில் மெஷினைத் தொடவே மாட்டேன். கொடி இருக்கிறது, வெயிலுக்குக் கரண்டு வேண்டாம், பிறகு எதற்கு மெஷின்? ஒரு மாதம் ஆனதும் சின்ன மீட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அது என் முட்டாள்தனம். ஒத்துக்கொள்கிறேன்.

ஊர் பார்க்க வந்தது. ஒருத்தி தலையணை உறைக்குள் நல்லமிளகைக் கட்டிக்கொண்டு வந்து, "இதயும் ஒண்ணு உருட்டித் தாங்கெக்கா" என்றாள். இன்னொருவர் ரப்பர் ஷீட் நாலு கையில் தொங்க நின்றார். இரண்டு பேரையும் திட்டி அனுப்பினேன். அண்ணன் மட்டும் மெஷின் பக்கம் திரும்பாமல், மூக்கைச் சுருக்கிக்கொண்டு நடப்பார்.

"சூரியன் சும்மா கெடக்கு. இவளுக்கு மெஷினு."

"சூரியன எங்க அண்ணா? காட்டுங்க, துணிய அங்க கொண்டு போடுதேன்" என்பேன். அன்றும் மழை பெய்துகொண்டிருந்தது.

அவர் அப்படி மூக்கைச் சுருக்கியதால் நான் அவரைச் சந்தேகப்படவே இல்லை.

இந்த வருஷ மழையில் ரீடிங் வந்த நாளில் கத்தல் தொடங்கியது. யூனிட் ஏறியிருந்தது உண்மைதான். எனக்கே திகைப்பு. என் துணிகூட ஒருமாதிரி வந்துகொண்டிருந்தது. காய்ந்துவிட்டது என்று மெஷின் நிற்கும், எடுத்துப் பார்த்தால் ஈரம். திரும்பப் போடுவேன். மெஷின் கெட்டுவிட்டதோ, நான் ஏமாந்துவிட்டேனோ என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தெரிந்தது என்று ஊரில் நான் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே விஷயம் அது. அதிலேயே பொய்த்துப் போனேனா? அந்த வாரத்தில்தான் வகுப்பும், மைக்கும், கைதட்டலும்.

கூட்டம் முடிந்து வந்த மறுநாள் காலையில் மெஷினைப் பிரித்தேன். துணிப்பஞ்சு பிடிக்கிற வலையை உருவினால், பஞ்சுக்குப் பதில் வெள்ளையாக ஒரு பொருக்கு, அப்பளம் மாதிரி. விரலால் தட்டினால் உடைந்தது. உள்ளே இரண்டு எவர்சில்வர் பட்டைகள் உண்டு. ஈரத்துணி அதில் உரசும்போது ஈரம் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியும். அந்தப் பட்டைகள் மேலும் வெள்ளைப் படலம். அப்புறம் அதற்கு ஈரம் எப்படித் தெரியும்? கண்ணில் மாவு அப்பினால் நமக்குத்தான் தெரியுமா? முகர்ந்து பார்த்தேன். புளித்த கஞ்சி.

எங்கள் வீட்டில் கஞ்சி முக்கி உடுத்துகிற ஆள் ஒருவர்தான்.

அண்ணனின் வேட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அது ஒரு அதிகாரி. அவர் நாற்காலியில் உட்காரும்போது வேட்டி முதலில் உட்காரும், பிறகு அவர் உட்காருவார். அது சரசரத்து வருகிற சத்தம் இருபது அடி தூரத்தில் கேட்கும். மழைக்காலத்தில் மட்டும் அந்த வேட்டி காயாமல் தொய்ந்துபோகும், அவரும் கொஞ்சம் தணிந்து பேசுவார். இந்த மழைக்காலத்தில் அவர் தணியவே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான் ஒளிந்து நிற்கிறவள் இல்லை. அன்று ஒளிந்தேன். மீன் வாங்க பனச்சமூட்டுக்குப் போகிறேன் என்று அண்ணன் மனைவியிடம், என் மைனியிடம், சத்தமாகச் சொன்னேன். குடையைப் பிடித்துக்கொண்டு ரோடு வரை நடந்தேன். பிறகு ரப்பருக்குள் திரும்பி, ஷீட் அடிக்கிற ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். கொசு கடித்தது. பத்து நிமிஷம் ஆகவில்லை.

"எட்டி, அவ போயாச்சா?" அண்ணன் குரல்.

"இப்ப பஸ் ஏறியிருப்பா. சட்டுனு கொண்டு வாங்க. ஐயோ, தரையெல்லாம் சொட்டுது."

அண்ணன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேட்டி ஆறு. பாயசத்திலிருந்து எடுத்த மாதிரி வழிந்தன.

"கொஞ்சம் பிழிஞ்சா என்ன?" என்றாள் மைனி.

"பிழிஞ்சா கஞ்சி போவாதா? அந்த சுத்துற மெஷின்லயும் போடண்டாம்னு சொல்லியிருக்கேன்லா. கஞ்சி முழுசும் அது குடிச்சிரும்."

"போன தடவ பழந்துணி மாதிரி தொவண்டுல்லா வந்துது?"

"அதுக்குத்தான் இந்தத் தடவ கெட்டியா காய்ச்சச் சொன்னேன். மூணு மணிக்கூறு வையி."

"பின்னயும் தொவண்டா?"

"பின்னயும் முக்கிப் போடுவோம். மெஷின்தானே செய்யுது, நீயா செய்யுதே?"

கேட்டீர்களா? கஞ்சி முக்கின துணியை டிரையரில் உருட்டினால் கஞ்சி உதிரும், துணி மெத்தென்று ஆகும். அது மெஷினின் குற்றம் இல்லை, உருட்டுவதுதான் அதன் வேலை. மெத்தென்று வந்த வேட்டியை இந்த மனிதர் திரும்பக் கஞ்சியில் முக்கி, திரும்பச் சொட்டச் சொட்ட உள்ளே தள்ளி, மூன்று மணி நேரம் ஓடவிட்டிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று மைனி பிறகு சொன்னாள். மில் ஓடுகிறதா என்று கேட்டாராம் ரீடிங் எடுக்க வந்தவர். ஓடத்தான் செய்தது. முதலாளி யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து வந்தேன்.

"அண்ணா, மீன் கிடைக்கல்ல."

வாளி விழுந்தது. கஞ்சித்தண்ணி வர்க் ஏரியா முழுவதும் பரவி அவர் காலுக்கு வந்தது. அவர் நகர்ந்திருக்கலாம். நகராமல் நின்றுகொண்டு, "எனக்க வீடு, எனக்க மீட்டரு" என்றார்.

"எனக்க மெஷின்" என்றேன். "யாரு இப்ப கரண்டுதின்னி?"

"மெஷினுன்னா துணி காய வைக்கணும். வேட்டியப் போட்டா அதுக்கு என்ன கேடு?"

ஷெட்டில் ஷீட் எடை போடுகிற தராசு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்து வர்க் ஏரியாக் கம்பியில் மாட்டினேன். ஆறு வேட்டியையும் ஒரு சாக்கில் போட்டு, சொட்டச் சொட்ட தூக்கிக் காட்டினேன்.

"வாசியுங்க."

"எனக்குக் கண்ணாடி இல்ல."

மைனி வாசித்தாள். "எட்டு கிலோ."

அண்ணன் பார்க்கப் பார்க்க வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றினேன். அவருக்கு நகரவும் மனதில்லை, நிற்கவும் மனதில்லை. எடுத்து மறுபடி தொங்கவிட்டேன். நாலு கிலோ. அவர் அலமாரியிலிருந்து வேறு ஆறு காய்ந்த வேட்டியை எடுத்து அதையும் தொங்கவிட்டேன். ரெண்டரை.

"கணக்கெல்லாம் ஆபீஸ்ல போட்டவருதானே, போடுங்க. நீங்க போட்டப்ப அஞ்சரை கிலோ தண்ணிய அது சூடாக்கிக் காய வைக்கணும். நான் போட்டா ஒண்ணரை கிலோ. மிச்சம் நாலு கிலோவ சுத்திக் களைய இந்த மெஷினு எவ்வளவு நேரம் எடுத்துது? பாத்துட்டுத்தானே நின்னிய?"

மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவை முனையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போன பிறகும் கேட்டது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று உடுத்தியிருந்த வேட்டி நனைந்துபோயிருந்ததால் சத்தம் வரவில்லை.

"சரி. எனக்க தப்பாக்கும். இது நமக்குள்ள இருக்கட்டு."

"மைக்குல சொன்னது நமக்குள்ளயா இருந்துது?"

"எட்டி, நான் செக்ரட்டரி. மின்சாரச் சிக்கனம்னு வகுப்பு வச்சவன். நானே இப்படிச் செஞ்சேன்னு சொல்லவா?"

"ஆமா."

காலில் ஒட்டிய கஞ்சியை வேட்டி முனையால் துடைத்தார். பிறகு தலையைத் தூக்கினார். அவர் வைத்திருந்த கடைசிச் சீட்டு அது.

"நான் சொன்னேன்னே வையி. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு யாராவது கேப்பான். என்ன சொல்லுவே?"

"லாண்டரியில பதினெட்டு வருஷம் இருந்தேன்னு சொல்லுவேன்."

"அப்பாவுக்க பேரு இருக்கு, குடும்பம் இருக்கு..."

"இந்த வர்க் ஏரியாவுக்குக் கூரை போட்டது அந்த லாண்டரியாக்கும் அண்ணா. அதுக்கு அடியிலதான் நீங்க நனையாம உட்காந்திருக்கிய."

அவர் கூரையை ஒரு தடவை பார்த்தார். எழுந்து போய்விட்டார். எனக்கும் ஜெயித்த மாதிரி இல்லை. தரையில் கிடந்த கஞ்சியை நான்தான் துடைத்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து அவர் இருமும்போதெல்லாம் வாயை மூடியவள் நான்தானே என்று துடைக்கும்போது நினைத்தேன். அவர் மறைத்தார், சரி. நான் அதற்கு ஒத்துழைத்தேன்.

வலையைக் கழுவினேன். பட்டைகளை வினிகர் தொட்டுத் துடைத்தேன். சின்ன மீட்டரை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டி, என் துணியைச் சுற்றிப் போட்டேன். ஒன்றரை யூனிட். ஒரு பொட்டு கூடவில்லை. மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அதை இங்கே எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதிவிட்டேன். போகட்டும்.

அண்ணனுக்கும் வழி சொல்லியிருக்கிறேன். கஞ்சி முக்கின வேட்டி உருளக்கூடாது, தொங்க வேண்டும். மழைக்காலத்திலும் விறைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றால் ஹாலில் கயிறு கட்டி, ஃபேன் போட்டுத் தொங்கவிடலாம். விருந்தாளி வந்தால் வேட்டிக்கு அடியில் குனிந்து வரட்டும். இரண்டு வாரமாக அப்படித்தான் நடக்கிறது. ஆனால் என்னோடு பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்பதோடு விட்டிருப்பேன். நேற்று நோட்டீஸ் வந்தது, வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம் என்று. செக்ரட்டரி கையெழுத்து. மூன்றாவது விஷயம் என்ன தெரியுமா? "செக்ரட்டரி வீட்டில் மின்சாரம் விழுங்கும் இயந்திரம் அகற்றப்பட்டது குறித்த அறிவிப்பு." அகற்றப்பட்டதாம்! மெஷின் இங்கேதான் இருக்கிறது. நான் இதை எழுதும்போது என் தலையணை உறைகள் அதற்குள் உருண்டுகொண்டிருக்கின்றன. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் வைத்துத் தூக்கிவிடலாம் என்று நினைக்கிறார், அல்லது இரண்டாவது பொய்க்குத் தயாராகிறார்.

அண்ணா, நோட்டீஸ் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் வருவேன். ஷீட் தராசும், ஒரு வாளி தண்ணியும், உங்கள் வேட்டி ஆறும் கொண்டு வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். கத்த மாட்டேன். அந்த மூன்றாவது விஷயம் வரும்போது அதே மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, போன தடவை கை தட்டின அதே ஆட்களிடம் இரண்டு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். என் மெஷினில் சொட்டச் சொட்ட வேட்டி போட்டு மீட்டரை ஓட்டியது யார்? உங்கள் தங்கச்சி பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் பார்த்த வேலை என்ன?

இருமக்கூடாது. ஊர் கேட்கிற மாதிரி, மைக்கில் சொல்லுங்கள்.